பார்த்துச் செய்யுங்க தம்பி

"பெரிய எஞ்சினை ஓடவிட்டுட்டுப் படுக்கட்டுமாண்ணா?" என்று என் டிரக்கை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி போனில் கேட்டார். "கலிஃபோர்னியா சட்டம் உங்களுக்கே தெரியும், பார்த்துச் செய்யுங்க தம்பி" என்றேன். "சரிண்ணா" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட நீடிக்காத பேச்சு அது. அதில் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை, சட்டத்துக்குப் புறம்பானதும் இல்லை. இருந்தும் அதை நான் இன்றுவரை மனத்துக்குள் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை மாதம், கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோ. அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பியவர் விதி அனுமதிக்கும் 11 மணி நேர ஓட்டத்தை முடித்துப் பிற்பகலில் வண்டியை நிறுத்தியிருந்தார். அதாவது, அவருடைய கட்டாய 10 மணி நேர ஓய்வு மொஹாவி பாலைவனத்தின் உச்சி வெயிலில் தொடங்கியது. வண்டி நிற்கும்போது பெரிய எஞ்சினை ஓடவிடாமலே கேபினைக் குளிர்விக்கத் தனியே ஒரு சின்ன டீசல் எஞ்சின் உண்டு; அதுதான் ஏபியு. அது இருபது நிமிடம் ஓடும்; பிறகு குளிர்நீரின் வெப்பம் எல்லை தாண்டியதாகக் காட்டித் தானாகவே நின்றுவிடும். ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே கதை. முதல் தடவை அழைத்தபோது, ரேடியேட்டரையும் கேபினின் பின்சுவரில் இருக்கும் கண்டன்சரையும் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொன்னேன். செய்தார். அதன் பிறகும் நின்றது. இரண்டாவது அழைப்பில்தான் மேலே எழுதியிருக்கும் கேள்வி வந்தது.

அந்தக் கேள்விக்கு "ஓடவிடுங்கள்" என்று நான் ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எஞ்சினைச் சும்மா ஓடவிடக் கூடாது. படுக்கை வசதியுள்ள டிரக்குகளுக்கும் 2008 முதல் இந்த விதி பொருந்தும். குறைந்தபட்ச அபராதம் 300 டாலர். குறைந்த புகை விடுவதாகச் சான்று பெற்ற எஞ்சின்களுக்கு விலக்கு உண்டு. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் 100 அடிக்குள் நிறுத்தாதவரை அவற்றை ஓடவிடலாம். எங்கள் எஞ்சினும் அந்த வகைதான். ஆனால் அதற்கான ஸ்டிக்கர் பானெட்டில் ஒட்டப்பட்டிருந்தது. மான் மோதி பானெட்டையே மாற்றியபோது அதுவும் போய்விட்டது. மாற்று ஸ்டிக்கருக்கு இன்னும் எழுதியிருக்கவில்லை. சோதிக்க வருகிறவர் ஸ்டிக்கரைத்தான் பார்ப்பார், எஞ்சினின் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டு போகமாட்டார். இந்த நிலையில் ஓடவிடச் சொல்வது, வண்டியின் உரிமையாளரே தன் வாயால் ஓட்டுநரை அபராதத்தில் மாட்டிவிடுவதாகும். "வேண்டாம்" என்று சொல்லவும் மனம் வரவில்லை, அந்த வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் படுத்திருக்கும் ஆளிடம் எப்படிச் சொல்வது? ஆகவே முடிவை அவரிடமே விட்டேன். அவர் அனுபவமுள்ள ஓட்டுநர், வண்டி அவர் பொறுப்பில் இருந்தது, உடம்பும் அவருடையது. நிறுவனங்கள் ஓட்டுநரை மிரட்டியோ நெருக்கியோ விதியை மீற வைக்கக் கூடாது என்று 2016இல் கூட்டாட்சி விதியே வந்துவிட்டது. நான் எந்தப் பக்கமும் நெருக்கவில்லை.

இப்படி எழுதும்போது சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அவர் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தத்தில், ஓட்டுநரின் செயலால் வரும் அபராதம் அவருடைய கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும் வரிதான், நான் கண்டுபிடித்ததல்ல. முடிவு உங்களுடையது என்று நான் சொன்னபோது பணமும் உங்களுடையது என்றே அவருக்குக் கேட்டிருக்கும். அந்த வரி அப்போது என் நினைவில் இல்லை என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்ததா இல்லையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவர் எஞ்சினை ஓடவிடவில்லை. இரவு ஒன்றரைக்குப் புறப்பட்டு, விடியுமுன் ஃபொன்டானாவில் சரக்கை இறக்கிவிட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. நானும் பிரச்சினை ஏதோ ஒரு வழியில் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். சில வாரங்கள் கழித்துக் கணக்கு முடிக்க உட்கார்ந்தபோது, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவர் இடையில் சொன்னார்: "அன்னைக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லண்ணா. கஹோன் இறக்கத்துல ரெண்டு ஜன்னலையும் திறந்துவெச்சு, சத்தமாப் பேசிக்கிட்டே ஓட்டினேன்." கஹோன் கணவாயில் ஐ-15 சாலை 6 சதவீதச் சரிவில் இறங்குகிறது, முழுச் சுமையோடு இறங்கும்போது அங்கே விழித்திருப்பவனுக்கே கை வியர்க்கும். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா லோடு லேட் ஆகும், நீங்க கவலைப்படுவீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஓட்டத்தையும் ஓய்வையும் பதியும் கருவியிலிருந்து அந்த வாரத்து மின்னணுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். படுக்கையில் முழுப் பத்து மணி நேரம் என்று கோடு நேராகப் போகிறது. விதி கேட்பது படுக்கையில் இருந்த நேரத்தை. தூங்கிய நேரத்தைப் பதிய அந்தக் கருவியில் இடமே இல்லை. சோர்ந்து விழிப்புக் குறைந்தவர் வண்டி ஓட்டக் கூடாது, நிறுவனமும் அவரை ஓட்ட அனுமதிக்கக் கூடாது என்று தனியே ஒரு விதி இருக்கிறது. ஆனால் சோர்வு அவருக்கு மட்டுமே தெரியும், அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும். தினசரி வாகன அறிக்கையும் அப்படித்தான். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், ஹாரன், வைப்பர், கண்ணாடி என்று நீளும் கட்டாயப் பட்டியலில் ஏபியு இல்லை. அது நின்றுபோனதற்காக எந்த டிரக்கையும் யாரும் சாலையில் நிறுத்திவைப்பதில்லை. பெரிய எஞ்சின் ஓடும் வரை வண்டி நல்ல வண்டிதான்.

ஏபியு வாங்கும்போது நான் போட்ட கணக்கிலும் தூக்கம் இல்லை. பெரிய எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 0.8 காலன் டீசல் போகும். ஏபியுவின் இரட்டை சிலிண்டர் எஞ்சினுக்குக் கால் காலன் போதும். சும்மா ஓடும் எஞ்சினில் புகை வடிகட்டி கரியால் அடைத்துக்கொள்ளும் செலவு வேறு. இப்படிப்பட்ட கருவிகளுக்கு 12 சதவீதக் கூட்டாட்சி வரி கிடையாது. அதன் எடைக்காக 550 பவுண்டு வரை கூடுதலாக ஏற்ற 2012 முதல் சட்டம் இடம் கொடுக்கிறது, பல மாநிலங்கள் அதை ஏற்றும்கொண்டிருக்கின்றன. இவ்வளவையும் கூட்டிக் கழித்து, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று பார்த்துத்தான் வாங்கினேன். அந்தக் கணக்கு தவறில்லை. பணம் திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

பராமரிப்பிலும் நான் கஞ்சத்தனம் காட்டியவன் இல்லை. 500 மணிக்கு ஒருமுறை ஆயில், ஆயில் வடிகட்டி. காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, பெல்ட் எல்லாவற்றுக்கும் நோட்டில் தேதி இருக்கிறது. நோட்டைப் பார்த்த மெக்கானிக்கே பாராட்டினார். பிறகு அவர் ஏபியுவின் மூடியைக் கழற்றி, விசிறியைச் சுற்றியிருக்கும் தகரக் கூட்டையும் எடுத்து, ரேடியேட்டரின் உட்புறத்தைக் காட்டினார். டீசல் தொட்டிக்கும் பின் டயருக்கும் நடுவில் வண்டியின் அடிச்சட்டகத்தோடு தொங்கும் பெட்டி அது. டயர் வாரியடிக்கும் புழுதி முழுவதும் அதன் மேல்தான் விழும். வால்வு மூடியின் ஓரத்தில் ஆயில் கசிந்திருந்தது; சொட்டவில்லை, ஈரம் மட்டும். அந்த ஈரத்தை விசிறி இழுத்துத் தகடுகளின் மேல் பூச, அதில் புழுதி படிந்து, பழைய கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. விரலால் அழுத்தினால் உள்வாங்கியது. வெளிப்பக்கத்திலிருந்து எவ்வளவு காற்றடித்தாலும் அந்தப் படலம் அசையாது. அடிக்க அடிக்க இன்னும் இறுகும். வளைத்த கம்பியும் கரைப்பானும் வைத்து அவர் ஒரு பிற்பகல் முழுவதும் அதைச் சுரண்டினார். உள்கூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை எங்கள் கையேட்டு அட்டவணையில் இருக்கிறதா என்று தேடினேன். 'தேவைக்கேற்ப' என்று இருந்தது. தேவை எப்போது என்பதைக் கையேடும் பார்த்துச் செய்யச் சொல்லிவிட்டது.

அதற்குச் சில வாரங்கள் முன்பே அந்தத் தம்பி, விசிறிச் சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று சொல்லியிருந்தார். அடுத்த ஆயில் மாற்றத்தில் பார்க்கலாம் என்றேன். வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது, வெயிலும் தொடங்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் பட்டறைக்குப் போனால் இந்தத் தொழிலில் யாரும் பிழைக்க முடியாது. இதை நான் இன்றும் நம்புகிறேன்.

அன்று நான் வேறென்ன சொல்லியிருக்கலாம் என்ற கேள்விக்கு விடை எளிது: பக்கத்தில் ஒரு மோட்டலில் அறை எடுங்கள், பணம் என்னுடையது. டிரக்கை விட்டு இறங்கிப் போய் அறையில் தூங்குவதும் ஓய்வுக் கணக்கில்தான் சேரும். அந்த அறையின் வாடகை, நான் பயந்த அபராதத்தைவிட நிச்சயம் குறைவாகத்தான் இருந்திருக்கும். அது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. எனக்கு வந்தது எஞ்சின் பற்றிய கேள்வி, நானும் எஞ்சின் பற்றியே யோசித்தேன். நான் ஓட்டிய நாட்களில் ஏபியுவே கிடையாது, ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன் என்பதும் எங்கோ பின்னால் ஓடியிருக்க வேண்டும். நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம் என்று பழைய ஆட்கள் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். அன்று நான் அதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், அவருக்கும் வாய் இருந்தது. தூங்கவில்லை, ஓட்டமாட்டேன் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் சரக்கைத் தள்ளிப்போட்டிருப்பேன். சரக்குத் தரகரிடம் திட்டு வாங்கியிருப்பேன், ஆனால் தள்ளிப்போட்டிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் உள்கூட்டைக் கழற்றுகிறோம். ஸ்டிக்கரும் வந்துவிட்டது. ஏபியு பழுதானால் அறை வாடகை உரிமையாளருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்த்தேன். அந்தத் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டும் வேலை கிடைத்துப் போய்விட்டார், மனக்கசப்பு ஏதுமில்லை. இப்போது ஓட்டுபவரிடம் அந்த வரியை வாசித்தே காட்டினேன். அவர் இதுவரை ஒருமுறைகூட அழைக்கவில்லை. நல்லதுதான் என்று இருந்தேன். ஆனால் சென்ற மாதக் கடைசியில் ஏபியு ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டரைக் குறித்தபோது, அரிசோனாவில் அவர் தங்கிய வாரத்துக்கு ஏபியு ஓடியிருக்க வேண்டிய நேரத்தில் பாதிகூட ஏறியிருக்கவில்லை. பெரிய எஞ்சினின் சும்மா ஓடிய நேரத்தையும் எடுத்துப் பார்த்தேன், அதுவும் கூடவில்லை. அறை ரசீதும் வரவில்லை. உறவினர் வீட்டில் தங்கியிருக்கலாம், மலைப் பக்கம் நிறுத்தியிருக்கலாம். கேட்டுவிடலாம் என்றால், மணிக்கணக்கை வைத்து உரிமையாளர் எப்படித் தொடங்கினாலும் ஓட்டுநர் காதில் அது டீசல் கணக்காகத்தான் விழும். வண்டி அடுத்த வாரம் ஆயில் மாற்ற வருகிறது. அப்போது கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.