நீலகிரி புல்லுக்கு வயசு என்ன?

ஊட்டி பக்கம் சீகை மரத்துக்கு (வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரம்) நடுவுல நின்னுகிட்டு என்ன அருமையான காடுன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். அதுல நிறைய எடம் முன்னாடி புல்வெளி. வெள்ளக்காரன் காலத்துல இருந்து புல்வெளிய சும்மா கெடக்குற நெலம்னு நெனச்சு சீகை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்)னு நட்டுட்டாங்க. காட்ட அழிச்சதால வந்த புல்லுதானே இதுன்னு இன்னிக்கும் சொல்றவங்க உண்டு, அவங்களுக்கு பதில் மண்ணுக்குள்ளயே இருக்கு.

கார்பன்ல சுமார் 1.1 சதவீதம் கனமான கார்பன்-13. ஒளிச்சேர்க்கை செய்யுற விதத்த வச்சு செடிகள சி3, சி4னு பிரிப்பாங்க. மரம், நெல்லு எல்லாம் சி3 வகை, இதுங்க கனமான கார்பன நிறைய ஒதுக்கிடும், டெல்டா மதிப்பு (ஒரு தர அளவோட ஒப்பிட்டா கார்பன்-13 ஆயிரத்துக்கு எவ்வளவு கம்மின்னு காட்டுற நம்பர்) மைனஸ் 27 பக்கம் வரும். கரும்பு, மக்காச்சோளம், ராகி, வெப்பமான எடத்துப் புல்லு பெரும்பாலும் சி4, அவ்வளவா ஒதுக்காது, மைனஸ் 12, 13ல நிக்கும். இலை மக்கி மண்ணானாலும் இந்த வித்தியாசம் அழியாது, அதான் இதுல விசேஷமே.

நீலகிரி சதுப்புல அடுக்கடுக்கா படிஞ்சிருக்குற பீட் மண்ண (பாதி மக்குன செடிங்க சேந்த மண்ணு) வச்சு ராமன் சுகுமார், ஆர். ரமேஷ்னு விஞ்ஞானிங்க எல்லாம் சேந்து 1993ல நேச்சர் அறிவியல் இதழ்ல எழுதுனாங்க. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுகம் உச்சத்துல இருந்தப்ப, அங்க சி4 புல்லு ஓங்கி இருந்திருக்கு, அப்புறம் சுமார் 9,000 வருஷம் முன்னாடி மழை கூடுனப்ப சி3 பக்கம் சாஞ்சிருக்கு. பனியுகத்துல காத்துல கார்பன் டை ஆக்சைடே கம்மி, அதுவும் சி4க்குத்தான் சாதகம், அதனால எல்லாத்தையும் வறட்சி தலையில கட்ட முடியாது. எப்படி பாத்தாலும் கோடாலி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே புல்லு அங்க இருந்திருக்கு.

எந்த எடம் பழைய புல்வெளி, எந்த எடம் காடுன்னு மலை முழுக்க மேப்பா போடணும்னா சாட்டிலைட் மட்டும் பத்தாது. அது மரம் எது புல்லு எதுன்னு காட்டும், ஆனா நீலகிரி மாதிரி குளிர்ந்த ஒசரத்துல சி3 புல்லும் சி4 புல்லும் கலந்தே கெடக்கும், புல்லுன்னா சி4னு கலர் அடிச்சா மேப்பே தப்பாயிடும். எடம் எடமா தோண்டித்தான் ஆகணும். தோண்டுன மண்ணுல மயிரு மாதிரி இருக்குற சீகை வேர இடுக்கியால ஒவ்வொண்ணா பொறுக்கணும், கொஞ்சம் தங்குனாக்கூட நம்பர சி3 பக்கம் இழுத்துரும். அப்புறம் காயவச்சு, பவுடராக்கி, குட்டி தகரக் கேப்ஸ்யூல்ல மடிச்சு மெஷின்ல போட்டு எரிச்சு வர்ற வாயுவ அளக்கணும்.

இப்ப சீகைய எடுக்கணும்னு எல்லாரும் பேசுறாங்க, நல்லது. ஆனா எடுத்த எடத்துல எல்லாம் சோலை (மலையோட சொந்தக் காடு) நாத்து நடக் கெளம்பாதீங்க. முதல்ல ரெண்டு அடி தோண்டி பாருங்க, மேல மைனஸ் 26 (மரம்), கீழ மைனஸ் 16 (பெரும்பாலும் சி4 புல்லு)னு வந்தா, அந்தக் கீழ்மண்ணு எந்தக் காலத்துதுன்னு வயசு சொல்ற கார்பன்-14லயும் பாருங்க, ஏன்னா சோலைக்கு அடியிலகூட பனியுகத்துப் புல்லு மண்ணு இருக்கலாம். சீகை வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் புல்லுதான்னு தெரிஞ்சா அங்க புல்லத்தான் வைக்கணும்.