கொல்லிமலையில் ஒரு வேலி ஓரம்

கொல்லிமலைக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது, ஆகாய கங்கையில் குளித்தாயா என்றுதான். அருவிக்குப் படி இறங்கவே இல்லை. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமும் போகவில்லை. செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கி, ஒரு காபித் தோட்டத்து வேலி ஓரமாகவும், திரும்பும்போது அடிவாரத்தில் ஒரு மாமரத்தடியிலும் பொழுதைப் போக்கிவிட்டு வந்தேன். பூச்சிகளை மேக்ரோவில், அதாவது மிக நெருங்கிப் பெரிதாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளப் போன பயணம் அது. “அதுக்கு எழுபது வளைவு ஏறணுமா? நம்ம கொல்லையிலயே வேணும்கற அளவு இருக்கே” என்றார் அம்மா. நியாயம்தான். ஆனால் வீட்டில் இருந்தால் கேஸ் சிலிண்டர் வரும், மாமா வருவார், பூச்சி மட்டும் காத்திருக்காது.

கூட வந்தவர் சேலத்து அண்ணன் ஒருவர். பல வருடமாகப் பூச்சிகளின் பின்னால் அலைபவர். மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா என்று நான் கேட்டபோது, முதலில் காசைப் பையிலேயே வைத்திரு என்றார். என் பழைய கேனான் கேமராவோடு வந்த 55-250 ஜூம் லென்ஸின் முனையில் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிவிட்டார். கிளிப்பை அழுத்தி விட்டால் பிடித்துக்கொள்கிறது. லென்ஸின் ஃபோகஸைத் தொலைதூரக் கடைசிக்குத் (இன்ஃபினிட்டி) தள்ளிவிட்டு, ஜூமை 125-ல் வைத்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. அதாவது 22 மில்லிமீட்டர் நீளப் பூச்சி, கேமராவுக்குள் படம் விழும் சென்சாரின் அகலத்தை அப்படியே அடைத்துக்கொள்ளும். ஜூமில் 250-க்குப் போனால் அதில் இரண்டு மடங்கு. எந்த ஜூமாக இருந்தாலும் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுமார் 12 சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். அந்தத் தூரத்துக்குப் பூச்சி நம்மை விடுமா என்பதுதான் கேள்வி.

விடும், விடிகாலையில். பூச்சிகளின் உடம்புக்குச் சொந்தச் சூடு அவ்வளவாகக் கிடையாது. இரவுக் குளிரில் விறைத்து உட்கார்ந்திருப்பவை, வெயில் பட்டுச் சிறகுத் தசை சூடேறும் வரை பறக்க முடியாமல் இருக்கும். மழை ஓய்ந்திருந்த காலம். மலையில் காலைப் பனி நன்றாகவே இருந்தது. வேலிக் குச்சியில் ஒரு தட்டான், சிறகு முழுக்கப் பனித்துளியோடு தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் இதே தட்டானை ஐந்தடிக்குள் நெருங்க முடியாது. அப்போது என் மூச்சுக் காற்று படும் தூரத்தில் இருந்தும் அசையவில்லை.

அசைந்ததெல்லாம் நான்தான். ஒன்றுக்கு ஒன்றில் லென்ஸின் துவாரத்தை f/11 வரை சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண்ணைப் பிடித்தால் சிறகு போய்விடும், சிறகைப் பிடித்தால் கண் போய்விடும். நான் ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதைப் பார்த்த அண்ணன், “அத விடு. உடம்ப முன்ன பின்ன ஆட்டு, கண்ணு தெளியற நேரத்துல அமுக்கு” என்றார். முட்டி போட்டு, முழங்கையை விலாவில் ஒட்டி, இடது கையால் அதே குச்சியைப் பிடித்து, கேமராவை அந்தக் கையின் மேல் சாய்த்துக்கொள்ள வேண்டும். குச்சி ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும், தூரம் மாறாது. இந்த ஒரு வித்தைக்கே மலை ஏறியது தகும். தட்டானின் உடம்புக்கு இணையாகக் கேமராவைத் திருப்பிப் பக்கவாட்டில் எடுத்தால், அதே மெல்லிய ஆழத்துக்குள் கண், மார்பு, வால் மூன்றும் அடங்கிவிடுகின்றன.

அடுத்தது வெளிச்சம். இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கடைசியில் யோசிக்கிறார்கள் என்பார் அண்ணன். சர்க்கரைவள்ளிக் கொடியில் ஆமைவண்டு ஒன்று கிடைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு, பொன்முலாம் பூசியது மாதிரி உடம்பு, விளிம்பெல்லாம் கண்ணாடி போலத் தெரிகிற ஓடு. ஃபிளாஷை நேராக அடித்தால் முதுகு முழுக்க வெள்ளைப் பொட்டு, பொன்னைக் காணோம். அண்ணன் பையிலிருந்து ஓர் அட்டைக் கூம்பை எடுத்தார். உள்ளே அலுமினியத் தாள், வாயில் இரண்டு மடிப்பு டிரேசிங் பேப்பர். அதை ஃபிளாஷில் செருகி, பேப்பர் பூச்சியின் தலைக்கு மேல் குடை பிடிப்பதுபோல வரும்படி வளைத்தார். வெளிச்சம் தரும் பரப்பு பூச்சியைவிடப் பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் நிழல் மென்மையாகிவிடும், பளபளப்பும் அடங்கும். ஷட்டர் 1/200 நொடி, துவாரம் f/11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200. அசைவை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ் மின்னும் அந்த நொடியின் சின்னத் துணுக்கு. அந்த வண்டின் பொன் நிறம் உயிர் இருக்கும் வரைதான். செத்துக் காய்ந்தால் மங்கிப் பழுப்பாகிவிடும். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயக்கி எடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை, வண்டு பறந்தால் பறக்கட்டும்.

டீக்கடை அக்கா நாங்கள் தரையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். “என்ன தம்பி, மோதிரம் ஏதும் தொலைஞ்சு போச்சா?” என்றார். கேமராத் திரையில் கும்பிடுபூச்சியின் முகத்தைக் காட்டினேன். “அட, என்னையே பாக்குது!” என்றார். அவர் சொன்னது சரி. அதன் கூட்டுக்கண்ணில் கறுப்புப் புள்ளி ஒன்று தெரியும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மையே தொடர்கிற மாதிரி இருக்கும். ஆனால் அங்கே கண்பாப்பா எதுவும் கிடையாது. நம்மை நேராகப் பார்க்கும் நுண்கண்கள் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் அந்த இடம் கறுப்பாகிறது, அவ்வளவுதான்.

இறங்கும்போது, அடிவாரத்துக் காரவல்லியில் அந்த மாமரம். அதில் முசுறு எறும்புக் கூடு. இலைகளை இழுத்துப் பிடிக்க ஒரு கூட்டம், தன் புழுவைத் தாடையில் கவ்விக்கொண்டு அங்கும் இங்கும் தைக்க இன்னொரு கூட்டம். பசை மாதிரி இலைகளை ஒட்டும் நூல் அந்தப் புழுவின் வாயிலிருந்துதான் வருகிறது. நூல் வெயிலில் மினுங்கியது. எடுக்க ஆசைதான், ஆனால் முசுறு காத்திருக்காது. கால் சட்டைக்குள் ஏறிக் கடித்து, கடித்த இடத்தில் அமிலத்தையும் விடும். ஒரு காலில் நின்று நடனமாடியபடி மேக்ரோ எடுப்பது எப்படி என்று இனி நான் வகுப்பு நடத்தலாம்.

கிளையில் ஓர் எறும்பு மட்டும் கூட்டத்தோடு சேராமல் ஒதுங்கி ஓடியது. கேமரா பக்கத்தில் போனதும் இலை விளிம்பிலிருந்து குதித்து, நூலில் தொங்கியது. எறும்பு எங்கே நூலில் தொங்கும்? திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் மீசை போலத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. தலையும் மார்பும் தனித்தனி என்று நம்பும்படி நடுவில் இடுப்பு ஒடுங்கியிருந்தது. முகத்தில் மட்டும் வேஷம் கலைந்துவிட்டது: முன்னால் உருண்டையாக இரண்டு பெரிய கண்கள். குதிக்கும் சிலந்தி! முசுறைத் தொட அஞ்சும் பறவைகளும் குளவிகளும் தன்னையும் விட்டுவிடும் என்று அந்த உருவத்தில் திரிகிறது. வெறும் கண்ணால் பார்த்திருந்தால் எறும்பு என்றே கடந்து போயிருப்பேன். சிலந்தி பூச்சி இனம் இல்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும்.

ஊர் திரும்பியதும் படங்களை, உயிரினங்களை அடையாளம் சொல்ல உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினேன். சிலந்திக்கு அன்று இரவே பெயர் சொல்லிவிட்டார்கள், அதன் ஆண்களுக்குத் தாடை நீண்டு முன்னால் துருத்தியிருக்கும் என்ற தகவலோடு. தட்டானுக்குப் பெயர் வரவில்லை. பனித்துளி அழகாக இருக்கிறது, ஆனால் வால் நுனியைக் காட்டினால்தான் எது என்று சொல்ல முடியும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அண்ணனிடம் சொன்னபோது, அடுத்த தடவை எதைப் பார்த்தாலும் முதலில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்துவிட்டு அப்புறம் முகத்துக்குப் போ என்றார்.