மூக்கு வழியே ஓர் அறுவை சிகிச்சை

நொச்சித் தழை ஆவி, சுக்குப் பற்று, அவ்வப்போது ஆண்டிபயாடிக் என்று ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளியவன் நான். குனிந்தால் கன்னத்து எலும்புக்குள் வலி இறங்கும். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட சைனஸ் என்கிறார்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்த எடுப்பில் அறுவை சிகிச்சை என்று சொல்லவில்லை. ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலும் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார். காற்று நிறைந்து கறுப்பாகத் தெரிய வேண்டிய, சைனஸ் எனப்படும் கன்னத்து எலும்பின் உள்ளறைகள் சாம்பல் நிறத்தில் அடைந்து கிடந்தன. அவை வடியும் வாசல் சில மில்லிமீட்டர்தான். அதைச் சதை வளர்ந்து மறித்திருந்தது.

முகத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. மூக்குத் துவாரத்தில் எண்டோஸ்கோப் என்ற கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, திரையைப் பார்த்தபடியே சதையை அகற்றி வாசலை அகலமாக்குகிறார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெசர்க்ளிங்கர் என்ற மருத்துவர் வகுத்த வழி. 1980களில் உலகெங்கும் பரவியது. கண்ணும் மூளையும் ஒட்டியிருக்கும் இடம் என்பதால் பார்வைப் பாதிப்பு, மூளைநீர்க் கசிவு போன்ற அரிய அபாயங்களையும் ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பிரின் ரத்தக் கசிவை அதிகமாக்கும் என்பதால், அதைச் சாப்பிடுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முழு மயக்கத்தில் இருந்ததால் அறுவையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. முதல் இரவுதான் மோசம்: மூக்கில் அடைப்புப் பஞ்சு, வாயால் மூச்சு, வறண்ட தொண்டை. வலியைவிடப் பாரம் அதிகம். மூக்கைச் சிந்தக் கூடாது, பளு தூக்கக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

உண்மையான வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான். தினமும் உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய நீர் வேண்டும். தண்ணீரில் இருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறிவிடும் அபாயம் உண்டு; கேரளத்து அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகளைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். உறைந்த ரத்தமும் சளியும் பொருக்குப் பொருக்காக வந்து விழும். முதல்முறை பார்த்தபோது பதறிவிட்டேன். வராத பொருக்கை மறுபரிசோதனையில் மருத்துவரே கருவியால் எடுத்தார். கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் அன்று மாலை இரண்டு துவாரங்களிலும் காற்று ஓடியது!

“சைனஸ் போய்விட்டதா?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அடைப்புதான் போயிற்று, அலர்ஜி இருக்கிறது என்கிறேன். சதை மறுபடியும் வளரக்கூடும் என்பதால் ஸ்பிரே தொடர்கிறது. வீட்டில் ஒட்டடை அடிக்கும் நாளில் நான் வெளியே போய்விடுவேன். அதற்காகத்தான் அறுவை செய்துகொண்டேனோ என்று என் மனைவிக்குச் சந்தேகம்.