விழுங்காமல் அரை நிமிடம், மூக்கில் குழாயோடு ஒரு நாள்

இரண்டு வருடமாக எனக்கு நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் புண் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் எரிச்சல் போகவில்லையே. அமிலச் சுரப்பைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை காலையில் ஒன்று, அப்புறம் காலையும் இரவும், அப்புறம் வேறொரு மாத்திரை என்று ஏறிக்கொண்டே போனது. கடைசியாகப் பார்த்த டாக்டர்தான், "இன்னும் ஏற்றுவதற்கு முன்னால், நிஜமாகவே அமிலம் மேலே வருகிறதா என்று அளந்து பார்த்துவிடலாம்" என்றார். அப்படியானால் இத்தனை நாள் அளக்காமலேதான் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இது இரண்டு பரிசோதனை. முதலில் மேனோமெட்ரி, அதாவது விழுங்கும்போது உணவுக்குழாய் எப்படிச் சுருங்குகிறது, அடியில் இருக்கிற வால்வு ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று அழுத்தத்தை வைத்துப் பார்ப்பது. அடுத்தது 24 மணி நேர பி.எச். பரிசோதனை, அதாவது உணவுக்குழாயில் அமிலத்தன்மையை அளப்பது; பி.எச். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். மேனோமெட்ரியை ஏன் முதலில் செய்கிறார்கள் என்றால், பி.எச். சென்சாரை அந்த வால்வின் மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. மேலே வைக்க வேண்டும், வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே வைக்க முடியும். இன்னொரு காரணமும் உண்டு. வால்வு திறக்காமல் அடம்பிடிக்கிற அகலேசியா என்ற நோயிலும் நெஞ்செரிச்சல் மாதிரியே இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

என்னைக் கேட்டால் பரிசோதனையைவிட அதற்கு முந்தைய வாரம்தான் கஷ்டம். மாத்திரையை 7 நாள் நிறுத்தச் சொன்னார்கள். நீண்ட நாள் சாப்பிட்ட இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வயிறு கொஞ்ச நாள் வழக்கத்தைவிட அதிகமாக அமிலம் சுரக்கும், அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் மூன்றாம் நாள் இரவு அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இடையில் தாங்க முடியாவிட்டால் அமிலத்தைத் தணிக்கிற ஆன்டாசிட் குடிக்கலாம், ஆனால் பரிசோதனைக்கு முந்தின நாளோடு அதுவும் நிறுத்தம். பரிசோதனை அன்று 6 மணி நேரம் வெறும் வயிறு.

மேனோமெட்ரி குழாய் ஏறக்குறைய 4 மி.மீ. கனம், அந்தக் குழாய் நெடுக சென்சார். மூக்கில் மரத்துப்போகிற ஜெல் தடவி உள்ளே விட்டார்கள். மயக்க மருந்து கிடையாது, ஏனென்றால் நாம் விழித்திருந்து விழுங்க வேண்டும், மயக்க மருந்து தசையின் இயக்கத்தையே மாற்றிவிடும். மூக்கைக் கடக்கும்போது கண்ணில் தண்ணீர் கொட்டியது. தொண்டை திரும்புகிற இடத்தில் ஒரு குமட்டல். டெக்னீஷியன், "தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஸ்ட்ராவில் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருங்கள்" என்றார், நாலு மிடறில் உள்ளே போய்விட்டது. முதல் மிடறில் தலையைப் பின்னால் சாய்த்ததுதான் நான் செய்த தப்பு, அப்படிச் செய்தால் குழாய் மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்பி இருமல் வரும்.

சரி, முடிந்தது என்று நினைத்தால் அப்புறம்தான் வேடிக்கை. படுக்க வைத்து, வாயில் 5 மி.லி. தண்ணீர் விட்டு, ஒரே முறை விழுங்கச் சொல்வார்கள். அடுத்த அரை நிமிடம் எச்சில்கூட விழுங்கக் கூடாது. இப்படிப் பத்து முறை. விழுங்காதே என்று சொன்ன பிறகுதான் வாயில் எச்சில் ஊறும் பாருங்கள், நான் மூன்று முறை ஏமாற்றி விழுங்கினேன், மூன்று முறையும் திரையில் பட்டையாக நிறம் மாறி மாட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் மெதுவாக மூச்சு விட்டதில் மீதி எல்லாம் சரியாக வந்தது.

அந்தக் குழாயை எடுத்துவிட்டு 2 மி.மீ. அளவில் ஒரு மெல்லிய குழாயைப் போட்டு, கன்னத்தில் டேப் ஒட்டி, தோளில் ஒரு ரெக்கார்டரை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ரெக்கார்டரில் சாப்பாடு, படுக்கை, எரிச்சல் என்று பட்டன்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள் என்று டெக்னீஷியன் எச்சரித்தார்: குழாய் இருக்கிறதே என்று சாப்பிடாமல், நடக்காமல், நல்ல பிள்ளையாகப் படுத்துக் கிடப்பது. அப்படிக் கிடந்தால் வழக்கமாக எரிச்சல் வருகிற சந்தர்ப்பமே வராது. அதனால் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்ததையே இரவு சாப்பிட்டேன், வேண்டுமென்றே குனிந்து அலமாரியைத் துடைத்தேன். தொண்டையில் ஒரு நூல் மாட்டிக்கொண்ட உணர்வு நாள் முழுக்க இருந்தது. தும்மல் வந்தபோதுதான் உண்மையிலேயே பயம், ஒரு கையால் டேப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு தும்மினேன். குளியல் இல்லை. தூக்கம் பாதிதான். படுக்கிற பட்டனை அழுத்த மறந்து பத்து நிமிடம் கழித்து அழுத்தி, டைரியில் சரியான நேரத்தை எழுதிவைத்தேன்.

ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது, பி.எச். 4-க்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது என்ற சதவீதம். அந்தச் சதவீதம் 4-க்குக் குறைவென்றால் இயல்பு, 6-க்கு மேல் என்றால் அமிலப் பிரச்சினை உறுதி, நடுவில் இருந்தால் மற்ற கணக்குகளையும் பார்க்க வேண்டும். எனக்கு 2.3 சதவீதம், அதாவது நாள் முழுக்க அரை மணி நேரம்தான். அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா என்று ஒரு நிமிடம் வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் எரிச்சல் பட்டனை அழுத்தியது ஒன்பது முறை, அதில் ஏழு முறை, அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்துக்குள் எதுக்களிப்பு பதிவாகியிருக்கிறது. மேலே வருவது எல்லோருக்கும் வருகிற அளவுதான், என் உணவுக்குழாய் நரம்புகள்தான் அதைப் பெரிதாக உணர்கின்றன. சும்மா சோம்பேறித்தனமாகப் பட்டனை அழுத்தாமல் விட்டிருந்தால் இந்தக் கணக்கே கிடைத்திருக்காது.

இப்போது மாத்திரை காலையில் ஒன்றோடு சரி, இரவில் நரம்பின் உணர்வைக் குறைக்கக் குறைந்த அளவில் வேறொரு மருந்து, சாப்பிட்ட பிறகு வயிற்றால் மூச்சு விடும் பயிற்சி. எரிச்சல் முழுதாகப் போகவில்லை, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் எட்டிப் பார்க்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று: முன்னால் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நான் டி-ஷர்ட்டோடு போய், அன்றிரவு அதைக் கழற்ற முடியாமல் அப்படியே தூங்கினேன்.