கூஃபு கப்பலின் நடுப்பகுதி: கயிற்றால் தைத்துப் பார்த்தது

எகிப்தில், மன்னர் கூஃபுவின் கீசா பெரிய பிரமிடின் தெற்குப் பக்கக் குழியில் 1954-இல் கிடைத்ததே கூஃபு கப்பல். அதன் நடுப்பகுதியை மட்டும் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன். முழுக் கப்பலின் நீளம் 43 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் ஏறத்தாழ 6 மீட்டர். முழுவதையும் மேசையில் வைக்கும் அளவுக்குச் சுருக்கினால் பலகைகள் அட்டை கனத்துக்கு மெலிந்துவிடும். கயிறு கோக்க இடமே இருக்காது. எனக்கு வேண்டியது அந்தக் கயிற்றுக் கட்டுதான். 4,500 ஆண்டுகளுக்கு முன், அடிக்கட்டையும் ஆணியும் இல்லாமல் இவ்வளவு பெரிய மரக்கூட்டை எப்படி நிறுத்தினார்கள் என்பதைக் கையால் செய்து தெரிந்துகொள்ள வேண்டும்.

அசல் கப்பலுக்கு லெபனானிலிருந்து செடார் மரம் வந்தது. நான் மரக்கடையில் தேவதாரு வாங்கினேன். இரண்டும் ஒரே பேரினம். பலகையின் கனம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். விளிம்புகளை நேராக விடாமல் அங்கங்கே படி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்படி செதுக்கினேன். இந்தப் படிகள் இருப்பதால் பலகைகள் நீளவாக்கில் நழுவ முடியாது. விளிம்புக்குள் சிறு மரமுளைகள் வைத்தேன். அவை பலகைகள் மேலும் கீழும் விலகாமல் பார்த்துக்கொள்கின்றன.

அடுத்தது துளை. இதில்தான் எனக்குப் பெரிய வியப்பு. பலகையின் உட்புறத்தில் இரண்டு துளைகளைச் சாய்வாக இறக்கினால் அவை மரத்துக்குள்ளேயே ‘வி’ வடிவில் சந்திக்கின்றன. கயிறு உட்புறமாக நுழைந்து உட்புறமாகவே வெளியே வருகிறது. கப்பலின் வெளிப்பக்கத்தில் ஒரு துளைகூடக் கிடையாது! கரையில் இழுத்தாலும் மணல் கயிற்றைத் தேய்க்காது, துளை வழியாகத் தண்ணீரும் வராது. நம் சோழமண்டலக் கரை மசூலா படகும் கயிற்றால் தைத்ததுதான், ஆனால் அதில் துளை பலகையின் மறுபக்கம் வரை போகும்.

துளையிடச் சாய்வாக ஒரு மரக்கட்டை வெட்டி, அதை வழிகாட்டியாக வைத்து டிரில்லை ஓட்டினேன். இரண்டு துளைகளும் சந்திக்கும் மூலையை மெல்லிய உளியால் உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு அங்கே திரும்பாது. பலகைகள் சேரும் இடுக்கின் மேல் அரைவட்டக் குச்சிகளைப் படுக்கவைத்து, சணல் கயிற்றை அவற்றின் மேல் கொண்டுபோய் ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்பு வரை குறுக்காக இழுத்துக் கட்டினேன். பலகைக்குப் பலகை தனித்தனி முடிச்சு இல்லை. முழு அகலத்தையும் ஒரே கட்டு பிடித்து நிற்கிறது. உள்வளைவு மரங்கள் அதற்கப்புறம்தான் வந்தன. வெளிக்கூடு முதலில், எலும்பு பிறகு.

இரண்டு முனைகளையும் பலகையால் அடைத்துத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். முதலில் இடுக்குகளில் நன்றாகவே கசிந்தது. ஊற ஊற மரம் உப்பியது, சணல் சுருங்கியது. மறுநாள் காலையில் கசிவு பெரும்பாலும் நின்றிருந்தது, கயிற்றை விரலால் சுண்டினால் விறைப்பாக இருந்தது.

இதே கயிற்றுக் கட்டை அவிழ்த்தால் கப்பல் முழுதாகப் பிரிந்துவிடும். கூஃபு கப்பலே 1,224 துண்டுகளாகத்தான் குழிக்குள் அடுக்கப்பட்டிருந்தது. அதைச் சேர்த்தவர் ஹாஜ் அகமது யூசுப் முஸ்தபா. கப்பல் கட்டும் தொழிலர் அல்ல, பழம்பொருட்களைச் செப்பனிடுபவர். நைல் கரைப் படகுப் பட்டறைகளுக்குப் போய் வேலையைக் கவனித்தார், சிறு மாதிரிகள் செய்து பார்த்தார், பத்தாண்டுக்கும் மேலாக அதிலேயே இருந்தார். செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் துறைமுகத்திலும் கூஃபு காலத்தவர்கள் கப்பல்களைப் பிரித்துப் பாறைக்குடைவுகளில் பத்திரப்படுத்தினார்கள். மெரெர் என்ற அதிகாரியின் பாப்பிரஸ் நாட்குறிப்பு 2013-இல் அங்கேதான் கிடைத்தது. துரா கல்குவாரியிலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போன படகுப் பயணங்கள் அதில் உள்ளன. நல்ல மரம் கடல் கடந்து வரவேண்டிய நாட்டில், கழற்றி மீண்டும் கட்டக்கூடிய கப்பல்தான் சரியான கப்பல் என்று என் கட்டை அவிழ்க்கும்போது தோன்றியது. அவிழ்த்த பலகைகளில் ஒரு கீறல்கூட இல்லை.

கூஃபு கப்பலில் பாய்மரம் கிடையாது, துடுப்புகள் மட்டுமே. அதனால் நைல் பயணத்தின் மறுபாதியைச் செய்து பார்க்க வேறு மாதிரி வேண்டும். ஆறு வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. தெற்கே போகப் பாய், வடக்கே திரும்பத் துடுப்பும் நீரோட்டமும். பண்டைய எகிப்து நகரமான தீப்ஸில், மெகெத்ரே என்ற உயரதிகாரியின் கல்லறையில் 1920-இல் கிடைத்த மரப் படகு மாதிரிகளில் இரண்டு விதமும் இருக்கின்றன. பயணப் படகின் பின்னால் வரும் சமையல் படகுகூட உண்டு, ரொட்டி சுடும் ஆட்களோடு! அடுத்து அந்தச் சமையல் படகைத்தான் எடுத்திருக்கிறேன். அதற்கான அடிமரத்தைக் குடைய ஆரம்பித்தாயிற்று.