கத்திரி வெயிலிலும் ஒரு சங்கு தண்ணீர் கொடுக்காமல்

என் மகன் பங்குனியில் பிறந்தான், ஊர் வேலூர். அவனுக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிவதற்குள் கத்திரி வெயில் வந்துவிட்டது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தேன், தண்ணீர் ஒரு சங்குகூடக் கிடையாது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று இப்போது பிரசவத்துக்குக் காத்திருக்கும் தோழிகள் கேட்கிறார்கள். சொன்னார்கள், எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்துவிட்டது. சுகப்பிரசவம் என்பதால் பிறந்த சிறிது நேரத்திலேயே மார்பில் போட்டுவிட்டார்கள், சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. "இது எப்படிம்மா பத்தும், சர்க்கரைத் தண்ணி தொட்டு வைங்க" என்று பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த அம்மா அக்கறையாகத்தான் சொன்னார். பால் இன்னும் சரியாக இறங்காத அந்த நாட்களில் குழந்தையின் துணியில் செங்கல் நிறத்தில் ஒரு கறை பார்த்தேன், ரத்தம் என்று பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அது மூத்திரத்தில் வரும் யூரேட் உப்பு, பால் இறங்கியதும் போய்விடும், போகாவிட்டால் உடனே சொல்லுங்கள் என்றார். போய்விட்டது. லேசாக மஞ்சள் தட்டியபோது குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றார். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும், பால் குடித்தால்தான் மலம் போகும், தண்ணீரில் வயிறு நிறைந்தால் பால் குடிப்பது குறைந்து மஞ்சள் இன்னும் இழுத்துக்கொண்டு போகும், தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுங்கள் என்றார். நாளைக்கு 8 முதல் 12 தடவை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. எங்கள் வீட்டில் ஆயா, அதாவது என் பாட்டி, சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஆயாவுக்கு இரண்டு சட்டங்கள்: பச்சை உடம்புக்காரி நிறையத் தண்ணீர் குடிக்கக் கூடாது, வயிறு போட்டுவிடும், குழந்தைக்கு நாக்கு வறளக் கூடாது, தண்ணீர் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். பால் சுரக்க வேண்டியவளுக்குத் தண்ணீர் அளந்து கொடுக்கிறார்கள், பாலே போதும் என்று இருப்பவனுக்குப் பாலாடையில் தண்ணீர் ஊற்றப் பார்க்கிறார்கள். குழந்தை வாய் வைத்துக் குடிக்க ஆரம்பித்த உடனே எனக்குத் தொண்டை அப்படி வறண்டுபோகும், பக்கத்தில் சொம்பு இருக்காது. பால் கொடுக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். பால் இறங்கும்போது தாகம் எடுப்பது உடம்பு கேட்பது, அதைத் தள்ளிப்போடவே கூடாது. இரவுக்கு மட்டுமாவது ஒரு பாட்டிலைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடும்படி என் கணவரிடம் சொல்லிவைத்தேன்.

ஆயாவிடம் நான் வாதாடவில்லை. வயசானவரிடம் புள்ளிவிவரம் சொல்லி ஜெயிக்க முடியாது, ஜெயித்தாலும் வீடு நிம்மதியாக இருக்காது. ஆறாவது வாரத் தடுப்பூசி சமயத்தில் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியரிடம் ஆயாவை வைத்துக்கொண்டே கேட்டேன். அவர் என்னிடம் பேசவே இல்லை, ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஆயா, தாய்ப்பால்ல நூத்துக்கு 87 பங்கு தண்ணிதான், அப்புறம் எதுக்குத் தனியா?" ஆயா விடவில்லை. "நான் காய்ச்சி ஆறவச்சுத்தானே குடுக்கப் போறேன்?" அதற்கு அந்தச் செவிலியர் சொன்னதுதான் எனக்கே புதிதாக இருந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் தண்ணீர் தண்ணீர்தான், இத்தனூண்டு வயிற்றில் அது இடத்தை அடைத்துவிடும், பசி தெரியாமல் குழந்தை தூங்கிவிடும், சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும், எடை ஏறாது. அதோடு இந்த வயதில் கிட்னிக்கு அதிகப்படியான தண்ணீரை வெளியேற்றும் பக்குவம் வந்திருக்காது, ரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப்போய் வலிப்புவரை கொண்டுபோகும். கடைசியில், "தண்ணி குடுத்தே ஆகணும்னா இதோ இவளுக்குக் குடுங்க, அதுதான் பாலாப் போய் உங்க கொள்ளுப்பேரனுக்குச் சேரும்" என்று என்னைக் காட்டினார்.

அன்று சாயங்காலமே ஒரு பெரிய சொம்பு என் பக்கத்துக்கு வந்துவிட்டது. வெந்நீர்தான், ஆயா அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, வெந்நீரும் தண்ணீர்தானே.

ஆனாலும் உள்ளுக்குள் எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. மின்விசிறி அனல் காற்றைத்தான் அடிக்கிறது, குழந்தையின் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு, இந்த வெயிலில் பால் மட்டும் போதுமா என்று நடுராத்திரியில் தேடிப் படித்திருக்கிறேன். 1991-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு எனக்குத் தைரியம் கொடுத்தது. டெல்லிக் கோடையில், 34 முதல் 41 டிகிரி வெயிலில், தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளையும் கூடவே தண்ணீரும் குடித்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறார்கள். பால் மட்டும் குடித்தவர்களுக்கு உடம்பில் நீர் வற்றவில்லை. டெல்லி வெயிலும் நம் வெயிலுக்குக் குறைந்தது இல்லை.

இருந்தாலும் தினமும் நம்பிக்கை கொடுத்தது ஆய்வு இல்லை, கொடியில் தொங்கிய துணிதான். டயப்பரில் எத்தனை தடவை போனான் என்றே தெரியாது, அதனால் பகலில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிடுவோம். பால் நன்றாக இறங்கிய பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும், மூத்திரம் நிறமே இல்லாமல் அல்லது வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆயா துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கறை இல்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் அலசப் போட்டுவிடுவார். வெயில் உச்சத்தில் இருந்த நாட்களில் அவன் அடிக்கடி, கொஞ்ச நேரமே குடித்துவிட்டு விட்டுவிடுவான். அது பால் போதாமல் இல்லை, தாகத்துக்குக் குடிக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் வரும் பால் நீர்த்தாற்போல இருக்கும், தாகத்துக்கு அது போதும். யார் "தண்ணி" என்று வாயைத் திறந்தாலும் நான் குழந்தையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வேன். அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மாமியார் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் என்ன செய்வாய், ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள் என்றார்கள். 2015-லிருந்து பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை வைத்திருக்கிறார்கள், அதில் உட்கார்ந்து கொடுத்தேன். ஓடும் பஸ்ஸில் துப்பட்டா போதும். அங்கே அத்தைக்கு விக்கல்தான் கவலை. விக்கலுக்குத் தண்ணீர் வேண்டாம், அதுவாக நிற்கும், பொறுக்கவில்லை என்றால் பால். ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சில நாள் மலம் போகாமல் இருந்ததும் பிரச்சினை ஆனது, ஆனால் ஒன்றரை மாதத்துக்கு மேல் தாய்ப்பால் குழந்தைகள் பல நாள் போகாமல் இருப்பது சகஜம், வயிறு மெத்தென்று இருந்து, போகும்போது இளகலாகப் போனால் பயமில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு மட்டும் விடாமல் கொடுத்தேன், அது தண்ணீர்க் கணக்கில் வராது.

ஆறு மாதம் முடிந்து கஞ்சி, மசித்த பருப்புச் சாதம் ஆரம்பித்தபோது தண்ணீரும் ஆரம்பித்தது. காய்ச்சி ஆறவைத்தது, சின்ன டம்ளரில், சாப்பாட்டோடு சில மடக்கு. ஒரு வயது வரைக்கும் நாளெல்லாம் சேர்த்து அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் போதும், அதற்கு மேல் போனால் பால் குடிப்பது குறையும். முதல் மடக்கை ஆயாதான் கொடுத்தார்.

ஒன்று மட்டும் கவனமாகப் படியுங்கள். துணி நனைவது குறைந்தால், மூத்திரம் அடர் மஞ்சளாகப் போனால், உச்சிக்குழி உள்வாங்கினால், எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், ஆறு மாதம் ஆகவில்லையே என்று தயங்க வேண்டாம், அது மருந்து. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை, டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்துக் கரைக்கவும் கூடாது.