ஆவி எது, புகை எது: மார்கழி முதல் மாசி வரை

டிசம்பர் 16, கோபிசெட்டிபாளையம்

மார்கழி பிறந்துவிட்டது. எனக்கு இனிமேல்தான் சீசன். ஆவியைப் படமெடுக்கிறவனுக்குச் சித்திரை, வைகாசியில் வேலையே கிடையாது. அந்த அனலில் டீ கிளாஸிலிருந்து கிளம்பும் ஈரம் துளியாகத் திரள்வதற்குள் காற்றோடு போய்விடும். விடியற்காலைக் குளிரில் அது உடனே நுண்துளிகளாகிறது. அப்போதுதான் கேமராவுக்கும் அகப்படும்.

ஐந்தரை மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடை. பாய்லருக்கும் டியூப்லைட்டுக்கும் நேராக, எதிர்ப்பக்கம் நின்றுகொண்டேன். வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து போனால் ஆவி சுவரோடு சுவராகக் கரைந்துவிடும். எதிரிலிருந்து வந்தால் ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை லென்ஸ் பக்கம் தள்ளும். பின்புலத்துக்குக் கரி படிந்த சுவர் இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, சுடுதண்ணி தெறிச்சிருமுங்க" என்றார் மாஸ்டர். தள்ளி நின்றேன்.

மூடியின் ஓரத்தில் பீறிடுவதை உற்றுப் பார்த்தால், வெளியே வந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்கு ஒன்றுமே தெரியாது. உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது, நிறமில்லாத வாயுவாக. அதற்கு மேல் வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து துளியாகிவிட்ட தண்ணீர். அந்த வெறும் இடம் படத்தில் விழுந்துவிட்டால் அது ஆவி என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இந்த சீசனுக்கு இதையே ஒரு நிபந்தனையாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது: படத்தைப் பார்த்தாலே ஆவியா புகையா என்று தெரிய வேண்டும்.

டிசம்பர் 21, கவுந்தப்பாடி பக்கம்

நண்பரின் பெரியப்பா வைத்திருக்கும் கரும்பு ஆலை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பக்கத்து நாட்டுச் சர்க்கரைதான் போகிறது என்பதில் இங்கே எல்லோருக்கும் ஒரு பெருமை. அதிகாலையிலேயே சாறு கொப்பரையில் ஏறிவிட்டது. அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சக்கைதான் விறகு.

உள்ளே நுழைந்ததும் லென்ஸ் மூடிக்கொண்டது. வெளியே பனியில் குளிர்ந்திருந்த கண்ணாடி, உள்ளே ஈரச் சூடு. துடைத்தால் மறுபடி மூடும், துடைப்பதில் பலனில்லை. கேமராவைப் பையோடு அடுப்புச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அது சூடேறும் வரை பெரியப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

கொட்டகைக் கூரையில் இரண்டு ஓடு விலகியிருந்தது. ஏழு மணிக்கு மேல் அந்தச் சந்து வழியாக வெயில் சாய்வாக இறங்கியதும், அதுவரை வெறும் வெள்ளை மூட்டமாக இருந்த இடத்துக்கு உருவம் வந்தது. சாற்றில் சுண்ணாம்பு போட்டு, பொங்கி வரும் அழுக்கை ஒருவர் வழித்தெடுக்கிறார். அவர் குனியும்போதெல்லாம் தோள் வரை ஆவிக்குள் போய்விடுவார், நிமிர்ந்தால் முகம் வரும். ஆட்டோ ஃபோகஸ் இங்கே உதவாது. பிடிப்பதற்கு ஓரமே இல்லாமல் முன்னும் பின்னும் அலையும். கொப்பரை விளிம்பில் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டு, அவர் நிமிரும் நேரத்துக்குக் காத்திருந்தேன்.

"ஆவியை எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துக்கோ கண்ணு. பாகு கெட்டியானா எல்லாம் அடங்கிரும்" என்றார் பெரியப்பா. அவர் சொன்னபடியே ஆயிற்று. சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். அது போகப்போக ஆவி மெலிந்து, கொப்பரை முழுக்கப் பெரிய பெரிய மஞ்சள் குமிழிகள் வந்தன. பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எடுத்த படங்களில் ஆவியே இல்லை, ஆனால் முகங்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. எனக்கு இவைதான் அதிகம் பிடித்திருக்கின்றன. எடுக்க வந்தது இதையல்ல. பரவாயில்லை.

வெளியே வந்து பார்த்தால் அதே அடுப்பின் புகைபோக்கியிலிருந்து பழுப்புப் புகை. கூரைக்கு மேல் வெள்ளை, அதன் பக்கத்தில் பழுப்பு, இரண்டும் ஒரே ஃப்ரேமில் கிடைத்தது.

டிசம்பர் 22

நேற்றைய படங்களைத் திரையில் பார்த்தேன். கொட்டகைக்குள் எடுத்தவற்றை ஒரு ஸ்டாப் கூட்டியே, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விட்டே எடுத்திருந்தேன். ஃப்ரேம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமராவின் ஒளி மீட்டர் அதைச் சாம்பல் நிறத்துக்கு இழுத்துவிடும். டீக்கடைப் படங்களில் நேர் எதிர்; கறுப்புச் சுவரை மீட்டர் வெளுக்கப் பார்க்கும், அங்கே ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். மென்பொருளில் மூட்டம் நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரைத் தொடவில்லை. மூட்டத்தை எடுக்கப் போய்விட்டு, எடுத்த பிறகு மூட்டத்தை நீக்குவானேன்.

ஜனவரி 2, வீட்டில்

மழை பிசுபிசுத்ததால் எங்கும் போகவில்லை. ஊதுபத்தி, கறுப்பு அட்டை, பக்கவாட்டில் ஒரு ஃபிளாஷ். ஜன்னல், ஃபேன் எல்லாம் அடைப்பு. பத்தி முனையிலிருந்து புகை முதலில் நூல் பிடித்த மாதிரி நேராக ஏறும். ஒரு ஜாண் ஏறிய பிறகு நெளியும், அப்புறம் கலைந்து சுருளும். அந்த நெளியத் தொடங்கும் இடம்தான் படம். லென்ஸ் துவாரம் f/8, ஃபிளாஷின் வேகமே அசைவை நிறுத்திவிடும்.

கறுப்புக்கு முன்னால் புகை நீலமாகத் தெரிகிறது. துகள்கள் அவ்வளவு சின்னவை என்பதால் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கின்றன. வானம் நீலமாக இருப்பதற்கும் இதேதான் காரணம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அதே புகை மஞ்சள் கலந்த பழுப்பு. ஆவியின் துளிகள் பெரியவை, அவை எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் எப்போதும் வெள்ளை. ஆகவே நிறமும் ஓர் அடையாளம்.

பாரிஸில் எத்தியென் ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர் 1899 முதல் 1902 வரை இதற்கென்றே எந்திரம் செய்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் புகை இழைகளை வரிசையாக ஓடவிட்டு, குறுக்கே ஒரு தடையை வைத்து, காற்று எப்படி விலகிப் போகிறது என்பதைப் படமாக்கினார். அறிவியலுக்காக எடுத்த படங்கள்தான். என் ஊதுபத்திப் படங்கள் அவற்றின் பக்கத்தில் வெறும் அலங்காரம்.

ஜனவரி 9, நீலகிரி மலை ரயில்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டி. குன்னூர் வரையான பாதை 1899-இல் திறந்தது, ஊட்டி வரை நீண்டது 1908-இல். மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். இதை அறியாதவர்கள் முன்பெட்டிக்கு முண்டியடிப்பார்கள். நான் எஞ்சினை ஒட்டிய பெட்டி.

என் நிபந்தனைக்கு முதல் சோதனை இங்கேதான் வந்தது. நீராவி எஞ்சினில் பிஸ்டனைத் தள்ளி முடித்த ஆவியைப் புகைபோக்கி வழியாகவே வெளியேற்றுவார்கள். அது போகிற வேகத்தில் நெருப்பறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அந்தக் குழாயில் ஆவியும் புகையும் சேர்ந்தேதான் வரும். படத்தில் எப்படிப் பிரிப்பது?

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது பயணிகள் எல்லோரும் இறங்கி செல்ஃபி எடுத்தார்கள். நான் எஞ்சினின் கீழ்ப்பக்கம் பார்த்தேன். சிலிண்டர் ஓரத்தில் சீறுவது சுத்தமான ஆவி, அதே விரற்கடை இடைவெளியோடு. கிளம்பியதும் மேலே பொங்கியதை அசையாமல் ஒரே ஃப்ரேமில் தொடர்ந்து எடுத்தேன். வெள்ளை மொத்தமும் சற்று நேரத்தில் மரங்களுக்கு நடுவே கரைந்தது. கரையாமல் சாம்பல் நிறத்தில் தொங்கியது புகை. பொங்கும்போது எடுத்த முதல் படம் பார்க்கப் பிரமாதம், தகவலென்று ஒன்றுமில்லை. கடைசிப் படம் மந்தம், ஆனால் அதில்தான் விடை.

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை, ஒரு ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவில் வரிசையாக ஃபிளாஷ் பல்புகள் கட்டி எடுத்தார். இருட்டில் வெளிச்சம் முழுக்க அவர் கையில். பகலில் சூரியன் எங்கே நிற்கிறதோ அதுதான் நமக்கு. இன்று அது மலைக்குப் பின்னால் நின்றது.

ஜனவரி 13, போகி

எங்கள் பக்கம் இன்று காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. எரிப்பது எங்களுக்குப் பெரிய வழக்கமில்லை. ஆனாலும் இரண்டு தெரு தள்ளி யாரோ டயரைக் கொளுத்திவிட்டார்கள். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கறுப்புப் புகை கொஞ்சம் உயர்ந்து, அப்புறம் தட்டையாகப் பரவி நிற்கிறது. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது சூடாகவும் இருப்பதால் புகையால் மேலே ஏற முடியாது. ஒரு படம் எடுத்தேன். இருமல் வந்தது. இறங்கிவிட்டேன்.

ஜனவரி 24, முதுகுளத்தூர் பக்கம்

கரிமூட்டம். சீமைக் கருவேலக் கட்டைகளை அடுக்கி, தழை போட்டு, மண்ணால் மூடி, அங்கங்கே துளை விட்டு நாள் கணக்கில் புழுங்க விடுகிறார்கள். காற்று தாராளமாகப் போனால் எல்லாம் சாம்பல், அளவாகப் போனால் கரி.

மூட்டம் போடும் அண்ணன் துளைகளைப் பார்த்தே சொல்கிறார்: "வெள்ளையா வந்தா ஈரம் போகுதுன்னு அர்த்தம் தம்பி. நீலமா மெலிஞ்சு வந்தா வெந்துருச்சு, துளையை அடைச்சிரணும்." நான் ஃபிளாஷும் கறுப்பு அட்டையும் வைத்துக் கண்டது இவருக்குப் பிழைப்பு. நேற்று போட்ட மூட்டம் ஒன்று, பல நாள் ஆன மூட்டம் ஒன்று, இரண்டையும் ஒரே ஃப்ரேமில் வைத்தேன். ஒன்று வெள்ளை, மற்றது பனங்காட்டு நிழலுக்கு முன்னால் மெல்லிய நீலம்.

கிளம்பும்போது அவரே கேட்டார்: "படத்துக்குப் பத்தலைன்னா பச்சைத் தழை போடவா? குபுகுபுன்னு வரும்." வேண்டாம் என்றேன். வெந்துகொண்டிருக்கும் மூட்டத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தால், விஷயம் தெரிந்தவர் பார்த்ததும் சிரிப்பார். அதோடு அதை மூச்சில் இழுக்கப்போவது அவரும் அவர் மனைவியும்தான். நான் காற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுகொள்வேன்.

பிப்ரவரி 15, மேட்டூர்

அனல் மின்நிலையம், அணைப் பக்கத்துச் சாலையிலிருந்து. இடுப்பு குறுகிய அந்தப் பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளை மேகமாகக் கிளம்புகிறது. பத்திரிகைகளில் காற்று மாசு பற்றிய கட்டுரை வந்தால் பெரும்பாலும் இப்படி ஒரு படம்தான் மேலே இருக்கும். அவை குளிர்விப்புக் கோபுரங்கள், வருவது தண்ணீர். கொஞ்ச தூரம் போய் ஓரம் பிய்ந்து கரைவதை நின்று பார்த்தாலே தெரியும். நிலக்கரி எரிந்த புகை வருவது பக்கத்தில் இருக்கும் ஒல்லியான உயரமான புகைபோக்கியில். வடிகட்டிகள் சாம்பலை ஓரளவு பிடித்துவிடுவதால் அது கண்ணில் படுவதே அரிது. கந்தக டை ஆக்சைடுக்கோ நிறமே கிடையாது.

ஆக, படத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டும் என்ற என் நிபந்தனை இங்கே உதைக்கிறது. தெரிவதில் கெடுதல் இல்லை, கெடுதலானது தெரியவில்லை. வானத்தைப் பின்னால் வைத்தால் புகை காணாமல் போகிறது. கொஞ்சம் நடந்து, மலைச்சரிவின் நிழல் புகைபோக்கியின் வாய்க்குப் பின்னால் வரும் இடம் தேடினேன். அங்கே ஓர் இழை தெரிந்தது. அதற்காக எக்ஸ்போஷரைக் குறைக்க, கோபுரத்து வெள்ளையும் மங்கியது. அழகு கொஞ்சம் போயிற்றுதான்.

சிறுபத்திரிகை நடத்தும் நண்பருக்கு அனுப்பிவைத்தேன். கீழே "இடப்பக்கம் நீராவி, வலப்பக்கம் புகை" என்று மட்டும் எழுதியிருந்தேன். "வலப்பக்கம் ஒண்ணுமே இல்லையே?" என்று உடனே போன் செய்தார். பெரிதாக்கிப் பாருங்கள், அட்டைக்குப் போடுவதாக இருந்தால் வலப்பக்கத்தை வெட்டிவிடாதீர்கள் என்றேன்.